வாசலில் ஒரு ரிசப்ஷன் மணி

அப்பா,

இன்று காலை ரிசப்ஷன் மேசை மேல் இருக்கும் மணியை ஒருத்தர் அடித்தார். நான் எதிரிலேயேதான் நிற்கிறேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. ஆனாலும் என்னைப் பார்த்தபடியே டிங், டிங் என்று தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறந்துபோனதைத் திரும்ப எடுத்துக்கொள்வது போல மூன்றாவதாக ஒரு டிங். அச்சு அசலாக உன் அடி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு ரூம் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அது சிரிப்பை அடக்குவதற்காக இல்லை.

செங்கம் ரோட்டில் இருக்கிற ஒரு ஹோட்டலில் டிரெய்னிங் போட்டிருக்கிறார்கள் அப்பா. ஹோட்டல் மேனேஜ்மெண்ட் ரெண்டாம் வருஷம். கறுப்புக் கோட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை, நெஞ்சில் பெயர் எழுதிய பட்டை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் "மேடம்" என்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே இருக்கிற மணி பளபளவென்று பித்தளை. நம்முடையது என் பழைய சைக்கிள் மணி.

நான் கோர்ஸில் சேர்ந்த வாரம், பஞ்சராகிச் சுவரோரம் நின்ற சைக்கிளிலிருந்து அதைக் கழற்றினாயே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா காய் நறுக்கும் பலகையில் வைத்து முடுக்கினாய். அந்தப் பலகையைச் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்தாய். "இந்தா, உன் ரிசப்ஷன்" என்றாய். உலகத்திலேயே கவுண்டருக்குக் கீழே செருப்பு நாறும் ஹோட்டல் நம்முடையதுதான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை ஊரில், ஒரே ஒரு ரூம், ஒரே ஒரு ஊழியை, ஒரே ஒரு கெஸ்ட்.

அம்மாதான் பலகையைத் தேடிக்கொண்டு வந்தாள். "இப்ப நான் எதுமேல வெச்சு வெங்காயம் அரியறது?"

"ரூம் சர்வீஸ்கிட்ட கேளு" என்றாய் நீ.

"ரூமுக்கும் நான்தான், சர்வீஸுக்கும் நான்தான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அம்மாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அத்தையோ ஹாஸ்பிடாலிட்டி என்றதும் ஹாஸ்பிட்டல் என்று முடிவு கட்டி, நான் நர்ஸ் ஆகப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நீ திருத்தவே இல்லை. "சொல்லிட்டுப் போவட்டும் வுடு. ஊசி போடத் தெரியலன்னாலும் உனக்குக் குத்தத் தெரியும்ல" என்றாய்.

பிராக்டிகலுக்குப் பயிற்சி வேண்டும் என்று நான் விளையாட்டாக ஆரம்பித்தது அது. வேங்கிக்காலில் நீ ஓட்டும் ஆபீஸ் ஜீப்பை விட்டுவிட்டு, சாயங்காலம் பைக்கில் வந்து இறங்குவாய். கிணிங் கிணிங். பொறுத்து, ஒரு கிணிங். நான் துப்பட்டாவை டை மாதிரி கட்டிக்கொண்டு ஓடி வருவேன். வீட்டுக்குள் நீ எனக்கு "நீ". வாசலில் மட்டும் "நீங்க".

"வணக்கம் சார். ரிசர்வேஷன் இருக்குங்களா?"

ஒரு நாள்கூட நீ நல்ல கெஸ்டாக வந்ததில்லை. ஒரு நாள் போனிலிருந்து தலையைத் தூக்காத அதிகாரி. டிபன் கேரியரை என் கையில் திணித்து, "லக்கேஜ்" என்றாய். ஒரு நாள் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா: "இன்னாம்மா, சோப்பு இம்மாந்துண்டு வெச்சிருக்கீங்க? இத வெச்சு ஒரு காது கழுவலாம், இன்னொரு காதுக்கு?" வகுப்பில் கெஸ்டிடம் "இல்லை" என்று சொல்லக் கூடாது, இருப்பதைச் சொல்லவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று, "சார், எங்க தண்ணியே ரொம்ப சாஃப்ட். ரெண்டாவது காதுக்கு சோப்பே தேவைப்படாதுங்க" என்றேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் கெஸ்ட் வேஷத்தையே மறந்துபோனாய்.

மௌன விரதம் இருக்கிற வெள்ளைக்காரராக வந்த நாளைத்தான் அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. வெள்ளை வேட்டி, கழுத்தில் என் ஸ்டோல், பாதி மூடிய கண். எது கேட்டாலும் மலை இருக்கும் பக்கம் கைகாட்டிக் கும்பிடு. காபியா, டீயா, சுக்குத் தண்ணியா, ஒவ்வொன்றாக நான் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அம்மா, "ஏங்க, கேஸுக்கு போன் பண்ணீங்களா இல்லியா?" என்கிறாள். நீ அவளுக்கும் ஒரு கும்பிடு. "வாயில இன்னா கொழுக்கட்டையா?" அதற்கும் ஒரு கும்பிடு. "சிலிண்டர் தீந்துபோனா நானும் மௌன விரதம்தான், அடுப்பும் மௌன விரதம்தான்!" வெள்ளைக்காரர் தமிழில் "ஐயோ, மறந்துட்டேன்" என்று எழுந்து ஓடினார். விருந்தோம்பல் என்று எங்கள் பாடத்தில் வருகிறது. நீ செய்ததெல்லாம் விருந்தோ, வம்போ.

உனக்கு இத்தனை விதமான கெஸ்ட் எப்படித் தெரியும் என்று ஒரு நாள் கேட்டேன். அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாயே, எல்லாப் பெரிய ஹோட்டலையும் பார்த்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

"பாத்திருக்கேன், பாத்திருக்கேன். வெளியிலேர்ந்து."

"உள்ள ரூமு?"

"நமக்கு ஜீப்புலதான் படுக்கை. பார்க்கிங்ல. ஓபன் ஏர் சூட்டு தெரியுமா? ஏசி கம்மி, காத்து ஜாஸ்தி. கொசு காம்ப்ளிமெண்டரி."

சிரித்தோம். அதற்குப் பிறகு தட்டு கழுவும்போது எனக்கு அது சிரிப்பாக இல்லை. நான் நிஜமான ரிசப்ஷனில் நிற்கும் முதல் நாள், நீதான் என் முதல் கெஸ்ட் என்று உன்னிடம் வந்து சொன்னேன். வெள்ளை விரிப்பு, குட்டி சோப்பு, கதவில் தொங்கும் "தொந்தரவு செய்யாதீர்" அட்டை, எல்லாம் உண்டு என்றேன். "அந்த அட்டைய முதல்ல உங்கம்மா கழுத்துல மாட்டு" என்றாய். ஆனால் மறுநாளே பழைய சூட்கேஸை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாய். பார்த்தேன். கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் கூட்டம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. வெளிச்சம் போவதற்குள் மணி. கிணிங் கிணிங். கிணிங். வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறாய்.

"டபுள் ரூம் ஒண்ணு வேணும்மா."

"எத்தனை பேருங்க சார்?"

"ரெண்டே ரெண்டு பேருதான்."

சொல்லி முடித்து நீ ஒதுங்கினாய். பின்னால் உன் ஆபீஸ் ஆட்கள் ஒவ்வொருத்தராக வாசலுக்குள் வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். டைப்பிஸ்ட் அக்கா, அவர் மாமியார், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தர், வாட்ச்மேன் தாத்தா. பௌர்ணமி அன்று இந்த ஊர் லாட்ஜுகளில் நடக்கிற அதே கூத்து! கவுண்டரில் ஒருத்தர் நல்லபிள்ளையாகக் கையெழுத்துப் போடுவார். சாவி கைக்கு வந்ததும் குடும்பம் மொத்தமும் மாடிப்படி ஏறும்.

அம்மா எட்டிப் பார்த்து, பார்த்த வேகத்தில் உள்ளே போய்விட்டாள். நீயோ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "இவங்க சும்மா பாக்க வந்தவங்க" என்கிறாய்.

இல்லை என்று சொல்லக் கூடாது. இருப்பதைச் சொல்லவேண்டும். "சார், டபுள் ரூம்ல ரெண்டு பேருதாங்க. மத்தவங்களுக்கு எங்க வாசல் இருக்கு. மலை தெரியிற ரூம் அது ஒண்ணுதான்" என்றேன். பாய்களை விரித்தேன். பக்கெட்டில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் கால்களுக்கு வைத்தேன். "கிரிவலம் பாதி, கால்வலி மீதி" என்று நான் சொன்னதற்கு வாட்ச்மேன் தாத்தா கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து ரவை வறுக்கும் வாசனை. அம்மா கடாயோடு வெளியே வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "சொல்லிட்டு வந்தா இன்னா? உப்புமாவோட விட்டிருக்க மாட்டேன்ல?"

எல்லோரும் கிளம்பிப் போனபிறகு உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "ஏம்ப்பா, பொய் சொல்லிட்டு இத்தனை பேரக் கூட்டியாந்தியே?"

நீ காலைத் தேய்த்துக்கொண்டே, "தனியா வர்ற கெஸ்டுன்னு யாரும் கெடையாதும்மா. பின்னாடி யாராச்சும் இருப்பாங்க" என்றாய்.

என் முதல் வருஷம் முடிந்த லீவில் நீ போய்விட்டாய். ஆபீஸ் வாசலில் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று நினைத்துவிட்டார்களாம். அன்றைக்கும் பார்க்கிங்கில்தான் அப்பா.

நம் ஒரே ரூமில் ஊரே வந்து உட்கார்ந்தது. நான் டிரேயில் தண்ணீர் வைத்து வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சித்தப்பா அம்மாவிடம் பேச்சை எடுத்தார்.

"படிச்ச வரைக்கும் போதும் அண்ணி. அப்பா இல்லாத பொண்ணு. ஓட்டல்ல நிக்குதுன்னு சொன்னா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? இங்க பக்கத்துல பி.காம். எதுலனா சேத்துவுடலாம்."

அம்மா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலேஜ் திறந்தார்கள். நான் போகவில்லை. கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. செருப்பு ஸ்டாண்டு மேல் மணி அப்படியே இருந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் செருப்பை விட்டார்கள், ஒருத்தரும் தொடவில்லை. எதற்கெடுத்தாலும் எதுகை மோனை பேசுகிற என் வாய்க்கும் அப்போதுதான் நிஜமான மௌன விரதம்.

ஒரு சாயங்காலம், நீ வழக்கமாக வருகிற நேரம், உள்ளே படுத்திருந்தேன்.

கிணிங் கிணிங்.

கொஞ்சம் பொறுத்து, கிணிங்.

விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பால் தூக்கோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"ரூம் இருக்குதா?"

அவள் இன்னொரு தடவை அடித்தாள். "கேக்குறேன்ல? ரூம் இருக்கா இல்லியா?"

"இருக்குங்க மேடம்." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "எத்தனை பேருங்க?"

"ஒருத்திதான்."

எப்படித்தான் வந்ததோ, பழக்கத்தில் வந்துவிட்டது: "அப்படித்தான் மேடம் எல்லாரும் சொல்றீங்க. ஒருத்தர்னு சொல்லிட்டுப் பின்னாடி கூட்டிட்டு வருவீங்க."

அம்மா திரும்பி கேட்டைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நானும் பார்த்தேன்.

பிறகு தூக்கைச் செருப்பு ஸ்டாண்டு மேல் டங்கென்று வைத்தாள். "இன்னாடி ஓட்டலு இது? யூனிபார்ம் போடாம, தலை சீவாம நிக்கிறே? நாளைக்குக் காலையில வருவேன். கோட்டு போட்டுக்கிட்டு, காலேஜ் பஸ்ஸுக்கு ரெடியா நிக்கணும். இல்லன்னா கம்ப்ளைண்ட் எழுதுவேன்."

"யாருகிட்டங்க மேடம்?"

"எழுத வேண்டிய ஆளுகிட்ட" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம். பால் திரிந்துபோனது. சித்தப்பாவுக்கு போன் செய்து அவள் பேசியது இவ்வளவுதான்: "அது காலேஜ் போவுது தம்பி. உங்க அண்ணன் ரூம் புக் பண்ணி வெச்சிருக்காரு."

ஆக, நான் இப்போது ரிசப்ஷனில் நிற்கிறேன். முதல் நாள் முதல் கெஸ்டாக யாரோ ஒரு கம்பெனி ரெப் வந்தார். அவரிடம் எனக்குக் கோபமே வந்தது, பாவம். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன்.

காலையில் உன்னை மாதிரி மணி அடித்தவருக்கும் சிங்கிள் ரூம்தான். "ஒருத்தர்தாங்களா சார்?" என்றேன். "ஒருத்தர்தான்." அதற்குமேல் பாடப் புத்தகத்தில் கேள்வி இல்லை. நான் ஒன்று வைத்திருக்கிறேன்.

"வண்டியில யாராச்சும் இருக்காங்களா சார்?"

"டிரைவர் இருக்காரு" என்றார், அதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல.

முகம் கழுவி வந்ததும் தண்ணீர் எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனேன். சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டு போட்டுப் படுத்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணே, தண்ணி."

பதறி எழுந்தார். "வண்டிய எடுக்கணுமா?"

"வேணாங்க. குடிங்க."

"நான் கேக்கலியேம்மா."

"கேட்டாக் குடுக்கிறது டீக்கடைண்ணே. இது ஹோட்டல்."

அவர் சிரித்துவிட்டார். "இன்னா ஓட்டலும்மா இது, பார்க்கிங்லல்லாம் சர்வீஸ் பண்றீங்க?"

"இதுதாண்ணே எங்க ஓபன் ஏர் சூட்டு. கொசு காம்ப்ளிமெண்டரி."

நிழல் பக்கமாக வண்டியைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, டிரைவர்கள் கை கால் கழுவும் இடத்தையும் காட்டிவிட்டுத் திரும்பினேன். வாசலில் சூப்பர்வைசர் சார். "எங்கம்மா போய்ட்ட?"

"ஒரு கெஸ்ட்டுக்கு செக்-இன் சார்."

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காணோமே?"

"பின்னாடி வந்தவருங்க சார்" என்றேன். அவர் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்க உள்ளே போனார்.

என் டிரேயில் எப்போதும் ரெண்டு தம்ளர் இருக்கும் அப்பா, உள்ளே நிற்பவர் எத்தனை பேர் என்று சொன்னாலும். இன்று டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும், வெயில் இறங்குவதற்குள் உன் சூட்கேஸை எடுத்து ஒரு தடவை வெயிலில் வைக்கவேண்டும்.