விரலுக்குப் பிடிபடாத கோடு

அன்புள்ளவளுக்கு ஸலாம்.

இது நானே எழுதிய கடிதம். வேறு யாரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. மூன்று பின்னேரம் எடுத்தது, பரவாயில்லை.

துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு ஒன்று வாங்கினேன். எதை விற்று என்பதை நேரில் சொல்கிறேன். காசின் குறுக்கே மெல்லிய கோடு ஓடுகிறது. பழைய காசு சேர்க்கும், ஓர்ஸ் ஹில் பக்கம் இருக்கும் கந்தோர்க் கிளாக்கர், “கோடு புடைச்சிருந்தா காசு அடிச்ச அச்சு வெடிச்ச பிழை, காக்கா. நல்ல விலை தருவன். பள்ளமெண்டா வெறும் கீறல், எனக்கு வேணாம்” என்றார். ஞாயிறு பார்க்க வருகிறார்.

நகத்தால் தடவித் தடவிப் பார்க்கிறேன். கயிறு இழுத்துக் காய்த்த விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தையல் தைக்கும் உன் விரலுக்குத் தெரியும். மகள் வீட்டில் இருந்தது போதும், வெள்ளிக்கிழமை மூதூர் லாஞ்சில் வா.

வந்ததும் ஆட்டைத் தேடாதே. முதலில் கோட்டைத் தடவிச் சொல்.

இப்படிக்கு,
உன் புருஷன்