பூமி அதிர்ந்தால் யார் பொறுப்பு

1914 மார்ச் 4
சிராங்கூன் ரோட்டில் இன்றும் மழை. துணி காயவில்லை. மத்தியானம் என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் பத்திரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டேன். எழுதினால் தோஷமில்லை — பரமசிவம். ஊரெல்லாம் கட்டடம் கட்டிய கண்டிராக்டர், இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியாது. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு.

சுமத்திராவில், பெங்கூலன் பட்டணத்தில், ஒரு டச்சு வியாபாரிக்கு மிளகுக் கிடங்கு கட்டப் போகிறார். நெருப்பு, புயல், திருட்டு எல்லாவற்றுக்கும் கம்பெனி பொறுப்பு என்று வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து: பூமி அதிர்ச்சியால் வரும் நஷ்டம் சேராது.

அந்த ஊரில் அடிக்கடி பூமி ஆடுமாம். பிறகு எதற்கு இந்தக் காகிதம்?

மார்ச் 6
இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா அஹமது கபீர் வீட்டுக்கே வந்தார். அந்த ஊர் என்றால் பூமி அதிர்ச்சிக்கு எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது என்றார். நல்ல மனிதர், தலை குனிந்தே பேசினார். ஆட்களுக்கு ஏதாவது ஆனால் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"கூலியாளுங்களுக்கு இதுல எடமில்லம்மா."

மார்ச் 9
போக வேண்டாம் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று என்கிறார். அப்படியானால் டச்சுக்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள் என்றேன்: பூமி அதிர்ந்து சுவர் விழுந்தால் நஷ்டம் கட்டடத்துச் சொந்தக்காரருடையது. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது சுந்தரி. நீ எழுதினா எனக்குப் பயமில்ல."

எழுதினேன். இரண்டு காகிதம் கெட்டது.

மார்ச் 21
டச்சுக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். இன்று கப்பல் ஏறினார்கள், என் வீட்டுக்காரரும் பதினோரு ஆட்களும். மேஸ்திரி அழகப்பனும் போகிறான். அவன் பெண்சாதி பூவம்மாவுக்கு ஐந்து மாதம். என்னோடு இருக்கட்டும் என்று கூட்டிவந்துவிட்டேன்.

மே 17
கடிதம். சுவர் எழும்பிவிட்டதாம். அங்கே ரசம் வாயில் வைக்க முடியவில்லையாம்.

ஜூன் 28
கபீர் வந்தார். பெங்கூலனில் பெரிய பூகம்பம். பெயர் எதுவும் தெரியவில்லை. பூவம்மாவும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். உலை வைக்கவில்லை.

ஜூலை 2
தந்தி. அவர் இருக்கிறார். மற்ற ஆட்களும். அழகப்பன் மட்டும் இல்லை.

நான்தான் படித்தேன். நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும். முதல் வரியில் எனக்குச் சந்தோஷம் வந்ததே — அதை அவள் பார்த்துவிட்டாளோ? அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 19
வந்துவிட்டார். பாதியாக இளைத்துப்போய். கிடங்கு தரைமட்டம். நஷ்டம் தன்னுடையது என்று டச்சுக்காரர் ஒப்புக்கொண்டார். எங்கள் வீடு, தொழில் எல்லாம் தப்பியது. அவருக்கு அதில் மனம் ஆறவில்லை. பூவம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அழகப்பனுக்கு ஒரு வரி எழுதாம வுட்டுட்டோம் தாயி."

அவர் விட்டாரா? அன்றைக்குக் கபீரிடம் ஆட்களைப் பற்றிக் கேட்டவள் நான். பிறகு சுவரை மட்டும் எழுதியவளும் நான்தானே.

ஆகஸ்ட் 3
பெண் குழந்தை. இருவரும் சுகம்.

அக்டோபர் 11
யுத்தத்தால் வேலை குறைவு. ஆனாலும் தஞ்சோங் பாகாரில் ஒரு கடைவீடு கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். சுவரெல்லாம் பிறகு, முதலில் இதை எழுது என்றார்: வேலையில் ஆள் இறந்தால் அவன் குடும்பத்துக்குக் கண்டிராக்டர் பொறுப்பு.

பூவம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னொரு தடவ வாசிங்கக்கா."

வாசித்தேன்.