ஹார்விச்சில் நீ சொன்ன பெயர்

கிங்ஸ்பரி, லண்டன்
14.11.2006

அன்பு மகன் யனுஷனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால்தான் இந்தக் குளிருக்குச் சரிவரவில்லை. நீ அந்த அமெரிக்க வெயில் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். தங்கச்சி சிவரூபினிக்கு வெம்பிளி மருந்துக்கடையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் மருந்து குடிக்கச் சொல்லிக் கட்டளை போடுவதே அவளுக்கு வேலை.

போன மாதக் கடைசியில் நீ போன் எடுத்து, உன் கம்பெனி மெக்சிக்கோ எல்லை வேலி வேலைக்கு விண்ணப்பிக்கிறது, வரைபடம் போடும் குழுவில் உன்னையும் சேர்க்கப் போகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அந்தச் சனம் பாவமில்லையா என்று நான் கேட்டேன். “நாங்கள் ஒழுங்கா வந்தனாங்கள் அம்மா, அவையும் ஒழுங்கா வரட்டும்” என்றாய். கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை மகன்.

அதற்கடுத்த ஞாயிறு எங்கள் ஆட்களின் தீபாவளி ஒன்றுகூடல். பிள்ளைகளின் நடனம் முடிந்து பெரியவர்களுக்கு ஒரு விவாதம் வைத்தார்கள். அமெரிக்கா சுவர் கட்டுவது சரியா பிழையா என்பதுதான் தலைப்பு. டொக்டர் கிறிஸ்துநாயகம் எழும்பி, நாங்கள் படிப்போடும் விசாவோடும் வந்து மரியாதையாக வாழ்கிறோம், இப்போது லொறிக்குள் ஒளித்து வருகிறவர்களால் எங்கள் பெயரும் கெடுகிறது, சுவர் கட்டுவதில் ஒரு பிழையும் இல்லை என்று பேசினார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பக்கத்தில் இருந்த உன் அப்பாவும் தட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன். எனக்கு மைக் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் இது. “நான் களவா வந்தனான்” என்றேன். அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன். இருபத்தொரு வருடம் உனக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை.

அப்பா எண்பத்து மூன்றில் கணக்கியல் படிக்க லண்டன் வந்தவர், அது உனக்குத் தெரியும். நானும் நீயும் பின்னால் விசா எடுத்துப் பிளேனில் வந்தோம் என்பதுதான் பொய். எண்பத்தைந்து மே மாதக் கடைசியில் இலங்கைச் சனத்துக்கு விசா வேண்டும் என்று இங்கே சட்டம் போட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதைத் தர ஆள் இல்லை. ஊரில் ஆமி ரவுண்டப் செய்து ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், உனக்கு நாலு வயது. ஒழுங்காக வர ஒரு வரிசை இருந்திருந்தால் நான் விடியப்புறமே போய் அதில் நின்றிருப்பேன். இருக்கவில்லை. ஜூன் மாதம் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கினோம். அந்த நாட்டுக்காரர் தங்கள் சொந்தச் சனத்தை வெளியே விடாமல் சுவர் கட்டி வைத்திருந்தார்கள். எங்களையோ கடதாசியில் ஒரு முத்திரை குத்தி மேற்கு பெர்லின் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ரயில் அந்தச் சுவரைத் தாண்டிப் போனது. உன்னை மடியில் வைத்து யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு போனேன். அதனால் சுவர் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மேற்கு பெர்லின் முகாமில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஹொலண்டுக்குப் போனோம். அங்கே குடியிருந்த பெர்னடெற், ஊரில் என்னோடு படித்தவள், தன் ஹொலண்ட் பாஸ்போர்ட்டைத் தந்தாள். அதில் அவளுடைய மகன் ஜூட்டின் பெயரும் இருந்தது. இங்கிலாந்துக் கப்பலில் இரவு முழுக்க உனக்கு ஜூட், ஜூட் என்று சொல்லிக் கொடுத்தேன். காலையில் ஹார்விச் துறைமுகத்தில் அதிகாரி குனிந்து உன்னிடம் பெயர் கேட்டான். நீ நிமிர்ந்து நின்று “யனுஷன்” என்றாய். உன்னை அடிக்கவோ ஏசவோ மனம் வரவில்லை. என் பிள்ளை தன் பெயரைச் சொல்கிறான், நான் ஏன் வேறொருத்தியின் பெயரில் நிற்கிறேன் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, இது நானில்லை, எங்களுக்கு அடைக்கலம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அந்தப் பாஸ்போர்ட்டுக்காகப் பெர்னடெற்றைப் பொலிஸ் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தது. இன்றுவரை அவள் என்னைக் குறைசொன்னதில்லை.

நான் பேசி முடித்ததும் டொக்டர் அது வேறு காலம் என்றார். காலம் வேறுதான், தாய்மார் வேறில்லை என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் இருந்தேன். ஆரும் கை தட்டவில்லை. தயாளினி என்று ஒரு பிள்ளை, நாலு வருடமாக அகதி வழக்கு முடியாமல் இருக்கிறவள், தேத்தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கடைசிவரை எழும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, “பெடியனுக்கு இதை எழுதாதையும், அவன் வெக்கப்படுவான்” என்றார். வெட்கப்பட நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டேன். இன்று காலை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று வாசித்தார். நான் ஜூலை என்று எழுதியிருந்தேன். “ஜூலை இல்லை, ஜூன்” என்று சொல்லி, தானே வெட்டித் திருத்திவிட்டுப் போனார்.

வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். அது உன் படிப்பு, உன் முடிவு. அந்த வேலியை நீ வரைந்தாலும் நீ என் பிள்ளைதான், நானும் அதைப் பிழை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் நாங்கள் ஒழுங்காக வந்தோம் என்று மட்டும் இனி ஒருவரிடமும் சொல்லாதே. கேட்டால், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தா என்று சொல்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கதை, அவரை ஒன்றும் கேட்டுவிடாதே, அவராகச் சொல்லுவார். வெயிலில் திரியும்போது தண்ணீர் குடி.

உன் அம்மா,
பா. தவநாயகி