சிட்டம் பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அத்தை எழுதுவது. நானும் உன் மாமாவும் இருக்கிறோம், குறையொன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மாடி அறை ஜன்னலில் இன்னும் காற்று புகுந்து வருகிறதா என்று விவரமாக எழுது. நீ போன தடவை "நன்றாக இருக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அது எனக்குப் போதாது.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் வராததைப் பார்த்து அத்தைக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் என்றால் அன்றைக்கே எழுதிப் போட்டிருப்பேன். என் கோபம் என்றைக்குத் தாமதமாக வந்திருக்கிறது? உன் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறவர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார், "நீங்க சரின்னு சொல்லாம நான் அவருக்கு ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் அத்தை" என்று எழுதிவிட்டு நீ பாட்டுக்குப் பிழை திருத்தப் போய்விட்டாய். பெற்றவர்கள் இல்லாத பெண், என்னைத்தான் கேட்பாய். அது தெரிகிறது. ஆனாலும் இறந்துபோன மகனின் மனைவிக்குப் பதில் சொல்ல ஒரு தாய்க்குக் கொஞ்சம் நாள் வேண்டாமா? சொல்கிறேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

முதலில் வீட்டுச் சேதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை ஏறுகிறது. மாமாவின் தோள்பட்டை இந்த வருஷமும் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் பஸ் ஓட்டின கை, இப்போது மேல் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுக்கத் திணறுகிறது. டாக்டர் கையை மெல்ல மேலே தூக்கிப் பழகச் சொன்னார். இவர் செய்தித்தாளைத் தூக்கிப் படிப்பதே போதுமான பயிற்சி என்கிறார். எதிர்வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தாள். அவளுக்கு நீ பின்னிக் கொடுத்த கழுத்துத் துண்டை வகுப்பில்கூடக் கழற்றுவதில்லையாம், பிள்ளைகள் அதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்களாம்.

நீ இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன் பெட்டியில் துணியைவிட நூல் அதிகமாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நீள ஊசியை எடுத்துக்கொண்டு நீ ஜன்னலோரம் உட்காரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். கடையில் கிடைக்காத ஸ்வெட்டரா, கண் கெட்டுப்போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். உண்மையில் அது பொறாமை. உன் விரலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், நீ திரும்பினால் சுவரைப் பார்ப்பேன். ஒரு நாள் நீ ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஜோடி ஊசியை என் நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். அந்தச் சாமர்த்தியம் உனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

அப்புறம் நான் பின்னின அழகை உலகமே பார்த்தது. ஒரு வரிசை இறுக்கம், அடுத்த வரிசை தொளதொள. ஊசி சரியில்லை என்றேன், நூல் சரியில்லை என்றேன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நூல் தீர்ந்து புது நூலைச் சேர்க்கும் இடத்தில் நான் முடிச்சுப் போடுவேன். நீ இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கொஞ்சம் ஈரம் காட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடு ஏறத் தேய்ப்பாய். நூல் தானாக ஒன்றாகிவிடும், சேர்ந்த இடம் தெரியாது. எத்தனை தடவை காட்டினாய். முடிச்சுப் போட்டால்தான் எனக்கு நம்பிக்கை என்று சொல்லிவிட்டேன்.

நெட்டை நெட்டை என்று நாம் கூப்பிட்ட என் பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னினோமே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். வெள்ளைக் கம்பளி நூலாகவே வாங்கி வந்து வீட்டிலேயே சாயம் போடலாம் என்றாய். காய்கறிக் கடைக்காரரிடம் போய் வெங்காயத் தோல் கேட்டேன். "வெங்காயத்தை விட்டுட்டுத் தோலைக் கேக்கற ஆளை இப்பதாம்மா பாக்கறேன்" என்று ஒரு சாக்கையே கொடுத்துவிட்டார். வீடெல்லாம் தோல் பறந்தது. படிகாரத்தில் ஊறின நூலை நீ எனாமல் பாத்திரத்தில் போட்டு எடுத்தாய், தேன் மாதிரி ஒரு மஞ்சள் வந்தது. மீதி நூலுக்கு அந்தப் பாத்திரம் காலியாகும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பழைய இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றினேன். அதே தோல், அதே தண்ணீர், ஆனால் நூல் பாசி படிந்த பச்சையாக வெளியே வந்தது. இரும்பு சாயத்தை மாற்றிவிடும் என்று நீ அப்போதுதான் சொன்னாய். நீ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று உன்மேலேயே பாய்ந்தேன்.

ஆக, முன்பக்கம் என் பச்சை, முதுகும் கைகளும் உன் மஞ்சள் என்று ஆயிற்று. அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "போகும்போது ஒரு ஆள், வரும்போது ஒரு ஆள், தெருவுல கடன்காரன்கூடக் குழம்பிப் போவான்" என்றான். குளிர் முடிகிற வரை கழற்றவில்லை.

சிட்டம் பிடிக்க அவனைப்போல் ஒருவன் கிடைக்க மாட்டான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பெரிய வளையமாக இருக்கும் நூல் சிட்டத்தை மாட்டிக்கொண்டு, நாம் அதை நூற்கண்டாகச் சுற்றச் சுற்ற இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைச் சாய்த்துக் கொடுப்பான். வாய் மட்டும் ஓயாது. கைது பண்ணி வைத்திருக்கிறார்கள், மூக்கு அரிக்கிறது, யாராவது ஜாமீன் எடுங்கள் என்பான். நீ எழுந்துபோய் மூக்கைச் சொறிந்துவிடுவாய், நான் பார்க்காததுபோல் இருப்பேன். அவன் போன பிறகு நூல் சுற்ற வேண்டியிருந்தால் அவன் உட்காரும் நாற்காலியின் முதுகில்தான் சிட்டத்தை மாட்டுகிறேன். மாமாவால் கையைத் தூக்க முடியாது. நாற்காலி சாய்ந்து கொடுக்காது, நூல் ஒவ்வொரு சுற்றிலும் சிக்கும்.

உன் கடிதம் வந்த அன்று அந்த ஸ்வெட்டரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மாமாவின் அலமாரியில், அவருடைய நல்ல சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து விரித்தால் ஒரு கையில் பூச்சி அரித்திருந்தது. மூன்று குளிர்காலம் வெளியே எடுக்காமல் வைத்திருந்தோம், பூச்சி சும்மா இருக்குமா? முழங்கை இருந்த இடம் மட்டும் இன்னும் பிதுங்கியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன் கண்ணு. வேண்டுமட்டும் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, இப்படியே விட்டால் பூச்சிதான் முழுக்கத் தின்னும், பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஸ்வெட்டரை என் கையிலிருந்து வாங்கி மறுபடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை, வீட்டில் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டுதான் சத்தம் போட்டது. கடைசியில் அவரே எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். பூச்சி அரித்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பிரிச்சிரு. ஆனா கத்தரிக்கோல் வைக்காத" என்று மட்டும் சொன்னார். தையலை ஊசியால் நெம்பி நெம்பித்தான் பிரித்தேன்.

முதலில் என் பச்சை முன்பக்கத்தை எடுத்தேன். அது என் பெருமையல்லவா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பின்னி முடித்தபோது கோணலாக இருந்தது உண்மை. ஆனால் குளிர் முடிந்ததும் நான் என் அக்காவின் ஆபரேஷனுக்காக அவள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தேனே, அப்போது அது வரிவரியாக, அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "துவைச்சதும் படிஞ்சிருச்சு அத்தை" என்றாய். கம்பளி துவைத்தால் படியும் என்பது எனக்கும் தெரியும், நம்பிவிட்டேன். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், முதுகு மருமகள் பின்னினது, முன்பக்கம் நான் பின்னினது, எது சீராக இருக்கிறது நீங்களே பாருங்கள் என்று தம்பட்டம் அடித்தேன். டீச்சரிடம் எத்தனை தடவை சொன்னேனோ. நீ பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பாய்.

கழுத்தில் தொடங்கிப் பிரிக்கப் பிரிக்க நூல் ஓடி வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. பாதி வந்த பிறகுதான் உறைத்தது, இதுவரை ஒரு முடிச்சுகூட வரவில்லையே என்று. விளிம்பு வரை வந்துவிட்டேன். என் கையால் போட்ட முடிச்சு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளங்கையில் தேய்த்துச் சேர்த்த நூல்.

நீ அதை முழுக்கப் பிரித்து, என் முடிச்சுகளை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பின்னியிருக்கிறாய். நூலைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் கீழே இறக்கி, "எனக்குத் தெரியும். சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிச்சு" என்றார். அவனும் உடந்தையாம். சிட்டம் பிடித்ததே அவன்தானாம். மூன்று பேரும் சேர்ந்து என்னை இத்தனை வருஷம் பெருமை பேச விட்டிருக்கிறீர்கள். டீச்சர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? இதற்கு நீ ஒன்றும் பதில் எழுத வேண்டாம், எழுதினால் மழுப்புவாய். பெற்ற மகளாக இருந்தால் மூஞ்சிக்கு நேராகக் கோணல் என்று சொல்லியிருப்பாள். நீ அந்த உரிமையையும் எடுத்துக்கொள்ளவில்லை, என்னைத் தலைகுனியவும் விடவில்லை. அன்று நான் மறுபடி அழுதது அவனுக்காக இல்லை, உனக்காக.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பிரித்த நூல் நூடுல்ஸ்போலச் சுருண்டு கிடந்தது. சிட்டமாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஒரு சின்ன கனம் கட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். இத்தனை வருஷம் ஒரே வளைவில் கிடந்த நூல், காய்ந்ததும் நேராகிவிட்டது. பூச்சி அறுத்த இடங்களையெல்லாம் நீ சொன்னபடி ஈரம் காட்டித் தேய்த்துச் சேர்த்தேன். முதல் சில இடங்கள் கையோடு வந்துவிட்டன, அப்புறம் பிடிபட்டது. இழுத்துப் பார், ஒன்றிலும் முடிச்சு இல்லை. எனக்கும் ஒருவழியாக நம்பிக்கை வந்துவிட்டது.

பச்சை நூலை நான் தரப்போவதில்லை. அது நீ எனக்காகப் பின்னியது. மாமாவுக்கு அதில் ஒரு தோள் போர்வை பின்னிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் நூல் முழுவதும் உனக்கு. அதை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை, மறுபடி சாயம் போட்டேன். சிவப்புச் சாயத்துக்கு மஞ்சிட்டி வேரை வாங்கி இடித்து ஊறவைத்து, கொதிக்க விடாமல் பக்கத்திலேயே நின்றேன், கொதித்தால் பழுப்பாகிவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை எனாமல் பாத்திரம்தான். இரும்புச் சட்டியை மாமா எடுத்து ஒளித்தே வைத்துவிட்டார். நல்ல செங்கல் சிவப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை நூலையும் போட்டுப் பார்த்தேன், அதில் சோகை பிடித்த மாதிரி ஒரு சிவப்புதான் ஏறியது. உன் நூலில் அடியில் பழைய மஞ்சள் இருக்கிறது. அது எங்கேயும் போகவில்லை, அது இருப்பதால்தான் மேலே இருக்கும் சிவப்புக்கு இந்த நிறைவு. வெயிலில் பிடித்துப் பார், தெரியும்.

பார்சல் இதோடு வருகிறது. உனக்கு ஒரு ஸ்வெட்டருக்குத் தாராளமாகப் போதும். நல்ல நாளில் போட்டுக்கொள்கிற மாதிரி பின்னிக்கொள்.

இனி உன் கேள்வி. அவரைப் பற்றி நீ எழுதியதை நானும் மாமாவும் மாற்றி மாற்றிப் படித்தோம். பொறுமைசாலி, அதிகம் பேசமாட்டார், மெஷின் எண்ணெய்க் கறை போகாமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவருக்குக் கை எவ்வளவு நீளம்? சிட்டம் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டுப் பார். தெரியாவிட்டால் பரவாயில்லை, நெட்டைக்கும் நாம்தானே பழக்கினோம். விடுமுறைக்கு வரும்போது அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. வெள்ளை நூல் வாங்கி வைத்திருக்கிறேன், வெங்காயத் தோலும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமா அந்த நாற்காலியின் முதுகில் தொங்கிய சிட்டத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டார். ஈரத்துணியால் நாற்காலியைத் துடைத்து, ஜன்னலோரம் உன் இடத்துக்கு எதிரே போட்டிருக்கிறார். இனிமேல் அதில் நூல் மாட்டக் கூடாதாம், உட்கார ஆள் வருகிறதாம்.

உங்கள் இருவர் வரவையும் பார்த்திருக்கும்,
அத்தை