பதினேழு காசும் உன்னுடையதுதான்

அன்பு மகள் முத்துமாரிக்கு, நம் லேபர் கேம்ப் வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கச் செந்தூரானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, அம்மாவின் முட்டிவலிதான் விடவில்லை, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன்.

பள்ளிக்கூட நாளில் சிராஜ் பாயின் பழைய சாமான் வாங்கிப் போடுகிற பங்கார் குடோனில் பித்தளை மூட்டைகளைக் கிளறி நீ பொறுக்கிச் சேர்த்த அந்தப் பதினேழு வெண்கலக் காசுகளை, டப்ளினுக்குக் கிளம்பிய நம் தெருச் சாய்நாத்திடம் கொடுத்துவிடச் சொன்னாய் அல்லவா, டப்பாவைத் திறந்தால் எல்லாம் பச்சை. முப்பது வருஷமாகப் பஃப் மெஷினில் பித்தளைக்குப் பளபளப்பு ஏற்றுகிறவன் வீட்டிலிருந்து களிம்பு பிடித்த காசு கப்பல் ஏறலாமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விளக்குத் தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டு ஊற வைத்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், அதோடு விட்டேனா, பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்திலும் பிடித்தேன். முகம் தெரிகிற அளவுக்கு மின்னிற்று. என் முகம்தான் தெரிந்தது, ராஜா முகமும் எழுத்தும் போயே போய்விட்டன.

காசைச் சாய்நாத்திடம் கொடுத்தனுப்பிவிட்டு, எடுத்து வைத்திருந்த போட்டோவைச் சிராஜ் பாயிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ வானமாமலை, பொடிப்பொடியா உதிர்ற பச்சைதாம்ப்பா கெடுதல். வழவழன்னு ஒட்டிக் கெடந்தா அது காசுக்குத் தோலு. நல்ல தண்ணில நாளுக்கணக்கா ஊறப்போட்டு, பல்குச்சியால மெதுவா எடுக்கணும். புளி பட்டாலே காசு கெட்டுச்சு" என்றார். நீ இருக்கும்போதே கேட்டிருந்தால் நீயே சொல்லியிருப்பாய், நான்தான் என்றைக்கும் உன்னிடம் கேட்டதில்லை.

அது போகட்டும் என்றாலும் இது போகாது தாயி. "அப்பா, இது என் காசு இல்ல, சாய்நாத் மாத்திட்டானா?" என்று நீ கேட்டபோது, "தெரியலையே" என்று சொல்லிவிட்டேன். நீ அவனிடம் கேட்டிருக்கிறாய். முந்தாநாள் குழாயடியில் அவன் அம்மா என்னை நிறுத்தி, "மேரா லட்கா சோர் ஹை க்யா?" என்று கேட்டாள். பெற்றவள் கேட்கிறாள், என் மகன் திருடனா என்று. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று காலையில்தான் அவள் வீட்டுக்குப் போய், காசைத் தேய்த்துக் கெடுத்தது நான்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். நீ எல்லா நலமும் பெற்று நல்லாயிரு மகளே. இதைப் படித்ததும் முதலில் சாய்நாத்துக்குப் போன் போடு. என்னிடம் உனக்கு மனசு ஆறின பிறகு பேசினால் போதும், நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா,
வானமாமலை