டிக்கெட் இல்லாத மியூசியம்

மாரிகுப்பத்தில் இருக்கும் அன்பு அப்பாவுக்கு, லண்டனிலிருந்து வினோலியா வணக்கத்துடன் எழுதுகிறேன். கர்த்தர் தயவில் சுகமாக இருக்கிறேன். சுரங்க வேலையில் வந்த உங்கள் இருமல் இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். போன மே மாதம் இங்கே வந்திருந்தபோது, "பெரிய மியூசியத்த ஒரு தபா பாக்கலாமாம்மா?" என்று கேட்டீர்கள். டிக்கெட் விலை அதிகம் என்றேன். "அவ்ளோ காசு குடுத்து இன்னாத்த பாக்கப் போறோம், வுடும்மா" என்று சொல்லிவிட்டு, இங்கிருந்த மூன்று வாரமும் ஜன்னலோரம் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

அப்பா, அங்கே டிக்கெட்டே கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும். அந்த அமைதியான இடத்தில் நீங்கள் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டுத்தான் பொய் சொன்னேன்.

சனிக்கிழமை நான் மட்டும் போனேன். உங்கள் வயதுக்காரர் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், கூட வந்த மகள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் எதையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இனிமேல் நீங்கள் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, அம்மா சொன்னார்கள்.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எடுத்தவுடனே "பரவால்லம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் திட்டுங்கள்.

உங்கள் மகள்,
வினோலியா