செத்த மனிசிக்கு ஒரு பேர்

மேடையில் எனக்குத் தாயாகவும், மேடையை விட்டு இறங்கினால் அண்ணனாகவும் இருந்த ஞானம் அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று எழுதிவிட்டு வெட்டினேன். கை அப்படிப் பழகிப்போய்விட்டது, என்ன செய்ய? நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. மொன்றியலில், எங்கள் லாசால் பக்கம் பனி கரைந்து, கோடை வந்து போய், இப்போது திரும்பவும் கொட்டத் தொடங்கிவிட்டது.

இந்தக் கடிதத்தை எங்கள் நாடகக் குழுவின் ஆண்டு மலரில் போடப்போகிறேன். உங்களிடம் தனியாகச் சொல்லி அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் நான் செய்த காரியம் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் செய்தது. மன்னிப்பை மட்டும் குசினிக்குள் நின்று கேட்டால் சரியா?

உங்களைத் தெரியாத ஆட்களும் மலரை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞானப்பிரகாசம் என்ற நீங்கள் மட்டக்களப்பு ஆள். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் துப்புரவு வேலை. கட்டையான உருவம், முன்வழுக்கை, நல்ல கறுத்த மீசை. எங்கள் நாடகங்களில் அம்மா வேடம் உங்களுக்குத்தான். நாடகம் வருகிற கிழமை மீசையை வழித்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரித் தாதிமார் உங்கள் மேலுதட்டைப் பார்த்தே ஞானத்துக்கு நாடகம் வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

பெண்கள் ஏன் நடிக்கவில்லை என்று இப்போதுள்ள பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். எங்கே வந்தார்கள்? பகலில் ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை, இரண்டுக்கும் நடுவில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்கு ஓடிப்போய்ப் பிள்ளையை எடுக்க வேண்டும். அதற்கு மேல், ஆண்களோடு ஒத்திகைக்குப் போனால் ஆட்கள் கதைப்பார்கள் என்ற பயம். நாங்களும் பெரிதாகக் கேட்டுப் பார்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முதல் நாடகத்துக்கு நீங்கள் லைட் கட்டத்தான் வந்தீர்கள். அம்மாவுக்கு ஆளில்லாமல் நான் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன். ஏணியில் நின்றபடி சொன்னீர்கள்: "ஆள் கிடைக்கிற மட்டும் நான் நிண்டு பாக்கிறன் தம்பி. மறுகா மாத்துங்க." உங்கள் ஊரில் பிறகு என்பதற்கு மறுகா. அந்த மறுகா ஆறு வருடம் நீண்டது.

நான் எழுதிய நாடகம்தான், ஆனாலும் எழுதிய ஆளை ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் அந்த அம்மாவைத்தான் கேட்டார்கள். மகன் ஸ்பொன்சர் பண்ணி மொன்றியலுக்கு வந்த தாய். ஒன்பதாம் மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு லிஃப்ட்டோடு கதைத்துக்கொண்டு இருப்பாள். கடைசியில் ஊரிலிருந்து போன் வரும், தம்பி செத்துப்போனான் என்று. வாய்விட்டு ஒப்பாரி வைக்க அவளுக்கு வழியில்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் கேட்டால் சுவரில் தட்டுவான். துவாயை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு அழுவாள். மகனாக நடித்தது நான். கடைசிக் காட்சியில் கதவைத் திறந்து "அம்மா" என்று ஒரு சொல் மட்டும் எனக்கு.

எங்கள் சபையைத் தெரியும்தானே. குத்துவிளக்கு ஏற்றவே ஒரு மணித்தியாலம் பிந்தும். பிள்ளைகள் நடுவில் ஓடுவார்கள். நீங்கள் சீலையோடு வந்து நின்றதும் முன்வரிசையில் பகிடி பண்ணிச் சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிடும். நீங்கள் துவாயைக் கடித்து அழும்போது, பின்னால் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றவர்கள்கூட தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பார்கள். அதைப் பார்த்தவன் நான். பார்த்தும் அப்படிச் செய்தேனே அண்ணை.

ஊரில் சண்டை நின்றிருந்த சமாதானக் காலம் அது. ஊருக்குப் போய் வரலாம் என்று எல்லாரும் கொஞ்சம் தலை நிமிர்ந்து திரிந்த காலம். மதாம் லூசி என்ற பிரெஞ்சு நாடகக்காரி, குடியேறி வந்தவர்களின் நாடகங்களுக்கென்று ஒரு வாரம் நடத்தினா. யாரோ சொல்லி எங்களையும் கூப்பிட்டா. வெள்ளைக்காரரின் நாடக மண்டபம், குஷன் கதிரை, உண்மையான மேடை விளக்கு. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குழுக் கூட்டத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். மீசை வழித்த ஆம்பிளை சீலை கட்டிக்கொண்டு வந்தால் பிரெஞ்சுக்காரர் எங்களை என்னவென்று நினைப்பார்கள், இன்னும் பழைய காலத்தில் நிற்கிறோம் என்று சிரிப்பார்கள் என்றேன். பெண்ணைத்தான் போட வேண்டும் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. அவர்கள் மறுக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நான் வருடக்கணக்காக என்னைச் சமாதானம் பண்ணினேன்.

மாலினி என்ற பல்கலைக்கழகப் பிள்ளை சம்மதித்தாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. அவளில் ஒரு பிழையும் இல்லை. உங்களிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது, பிள்ளை நல்லாச் செய்வாள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினீர்கள். ஆனால் ஒப்பாரி அவளுக்கு வரவில்லை. வாயிலிருந்து வருதில்லை அண்ணா, வெட்கமாக இருக்குது என்று அழாக்குறையாகச் சொன்னாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எந்தச் செத்த வீட்டில் அழுது பழகினாள்?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மாலினி சபைக்கு முதுகைக் காட்டி இருக்கட்டும், ஞானம் அண்ணை கறுப்புத் திரைக்குப் பின்னால் மைக்கோடு நின்று அழட்டும். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள், துவாயைக் கடித்து அழுவதா, சும்மா அழுவதா என்று. கடித்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று நீங்களே பதிலும் சொன்னீர்கள். நாடகத்தன்று பார்த்தால் மீசையை வழித்துக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் நிற்பதற்கு எதற்கு அண்ணை மீசையை எடுத்தீர்கள்?

அந்த ஞாயிறு மத்தியானம் நீங்கள் அழுதது போல் முன்பு ஒருநாளும் அழவில்லை. தமிழ் ஒரு சொல் தெரியாத சனம் கண்ணைத் துடைத்தது. நாடகம் முடிந்ததும் அவர்களுடைய வழக்கப்படி மேடையில் கதிரை போட்டு நடிகர்களிடம் கேள்வி கேட்டார்கள். மதாம் லூசி எழும்பி முதல் கேள்வியே அதைத்தான் கேட்டா. அந்தக் குரல் இந்தப் பிள்ளையுடையது இல்லையே, யாருடையது?

இரண்டு விநாடி யோசித்தேன். ஒரு ஆண் என்று சொன்னால், ஏன் திரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று கேட்பா. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? பதிவு செய்த குரல் என்றேன். யாரிடம் பதிவு செய்தீர்கள் என்றா. மட்டக்களப்பில் ஒரு வயதான பெண் என்றேன். அவ இப்போது எங்கே இருக்கிறா, பார்க்க முடியுமா என்றா.

"இல்லை, அவ செத்துப்போனா" என்றேன்.

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. பிறகு, செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன் அண்ணை. எழும்பி நின்று தட்டினேன். மாலினி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

என்னுடைய பிரெஞ்சு லொங்குய்ய் தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சு. உங்களுடையது ஆஸ்பத்திரியில் நோயாளிக் கிழவர்களோடு கதைத்துக் கதைத்து வந்தது. எங்கள் குழுவிலேயே உங்களுக்குத்தான் அது சுத்தமாக விளங்கும். நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நீங்கள் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு இருந்தீர்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. மாலினி கெட்டிக்காரி என்று சொன்னீர்கள்.

மெற்றோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். துவாய் வைத்த பை உங்கள் மடியில். நாலைந்து ஸ்டேஷன் போனதும் சாதாரணமாகச் சொன்னீர்கள்: "தம்பி, செத்த மனிசிக்கு ஒரு பேரெண்டாலும் வைச்சிருக்கலாமே."

நான் சிரித்தேன். பகிடி விட்டீர்கள் என்பதுபோல உங்கள் தோளில் தட்டிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அதற்குப் பிறகு அம்மா வரும் நாடகம் ஒன்றும் நான் எழுதவில்லை. கவனித்தீர்களா? கவனித்திருப்பீர்கள். ஒத்திகைக்கு வந்து லைட் கட்டினீர்கள், கதிரை அடுக்கினீர்கள், ஏன் தம்பி என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இதிலும் பாருங்கள், பழியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன்.

மாசி மாதம் நெஞ்சு நோவென்று படுத்தீர்கள், எழும்பவில்லை. செத்த வீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். பாதிரியார் இருக்கிறார், ஆஸ்பத்திரி ஆட்கள் இருக்கிறார்கள், பெண் வேடம் போட்ட கதையைச் சொன்னால் குடும்பத்துக்குக் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் குழுவுக்குத் திரைமறைவில் உழைத்தவர் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அப்போது ஒரு தாதி என்னிடம் வந்து, அவருடைய மகனாக நடிப்பவர் நீங்கள்தானா என்று பிரெஞ்சில் கேட்டா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் துவாயைக் கடித்து அழுது காட்டுவீர்களாம். மகன் கதவைத் திறந்து கூப்பிடும் இடத்தையும் சொல்லுவீர்களாம். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த மனிசி என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னா.

போன மாதம் உங்கள் மனைவி பிலோமினா அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. மேசையில் ஒரு பை. உள்ளே உங்கள் நாடகச் சீலை, துவாய், அக்கா உங்கள் அளவுக்குத் தைத்த பிளவுஸ். ஆம்பிளை அளவுக்குத் தைத்ததை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டா. பிறகு, அவர் அம்மாவாக நடித்ததைச் செத்த வீட்டில் ஏன் தம்பி சொல்லவில்லை, அவர் பெருமையாகச் சொன்னதே அது ஒன்றைத்தானே என்றா. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மதாம் லூசி, பதிவு, செத்த கிழவி, எல்லாம்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றா அக்கா. "அண்டைக்கு வந்து சொல்லிச் சிரிச்சாரு. மறுகா சாப்பிடல்ல."

அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அந்தப் பிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். கமக்கட்டில் கொஞ்சம் இறுக்கம், மற்றப்படி அளவு சரி. கதவைத் தட்டிய என் மனைவிக்குத் திறந்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சீலையை எடுத்து எனக்குச் சுற்றி, தோளில் ஊசி குத்திவிட்டாள்.

பிறகு மதாம் லூசியிடம் போனேன். மாலினியையும் கூட்டிக்கொண்டு போனேன், நான் இடையில் பொய்க்குத் திரும்பினால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பதிவு இல்லை, கிழவி இல்லை, ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் நின்றார், ஒளித்தது நான் என்றேன். மதாம் ஒரு பேனையை எடுத்தா. அவருடைய பெயர் என்ன என்று கேட்டா. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், எழுதிக்கொண்டா. வசந்தத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அதே மேடையை எங்களுக்குத் தருகிறா.

மாலினி இயக்குகிறாள். வசனம் மறந்தால் எனக்கு அவளிடம் நல்ல ஏச்சு விழுகிறது. அம்மா வேடம் எனக்கு. போன ஞாயிறு வீட்டில் ஒப்பாரியைப் பழகிப் பார்த்தேன். உங்களை நினைத்துத்தான் தொடங்கினேன், கொஞ்ச நேரத்தில் அது பழக்கமாக இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் உண்மையாகவே சுவரில் தட்டினான். உங்கள் துவாயை எடுத்து வாய்க்குள் வைத்துக் கடித்தேன் அண்ணை. நீங்கள் சொன்னது சரி. கடித்தால்தான் அந்தச் சத்தம் வருகிறது.

மீசையை வழித்துக்கொண்டு, சீலையோடு, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நிற்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாடகம் முடிந்து கதிரை போட்டதும் அவர்கள் கேட்க முதலே சொல்வேன்: அன்றைக்கு நீங்கள் கைதட்டியது செத்த ஒருவருக்கு இல்லை. பத்தடி தூரத்தில் உயிரோடு நின்றவருக்கு. அவர் பெயர் ஞானப்பிரகாசம். அவரைச் செத்துப்போனார் என்று சொன்னவன் நான். இதைச் சொல்லாமல் அந்தச் சீலையை அவிழ்க்க மாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை அம்மா என்று கூப்பிட்ட தம்பி,
நேசன்